பிக்காசோவுக்கு விழுந்த ஓட்டு

கலைக்கு அரசு பணம் தரலாமா என்று மேடைகளில் எத்தனையோ முறை பேசியாயிற்று. அந்தக் கேள்வியை வாக்குச்சீட்டிலேயே அச்சடித்து, ஆம் அல்லது இல்லை என்று எழுதித் தரும்படி மக்களிடம் நீட்டிய ஊர்கள் மிகக் குறைவு. இந்த ஆண்டின் அறக்கட்டளைச் சொற்பொழிவு அப்படிப்பட்ட ஓர் ஊரைப் பற்றியது. ரைன் ஆற்றங்கரையில், பிரான்சும் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் முட்டிக்கொள்ளும் முனையில் இருக்கும் பாசல் நகரம்.

கதை தொடங்குவது ஒரு விமான விபத்தில். 1967 ஏப்ரல் 20 அன்று, பாங்காக்கிலிருந்து கொழும்பு, பம்பாய் வழியாகப் பாசலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த குளோப் ஏர் நிறுவனத்தின் விமானம் சைப்ரஸ் தீவில் நிகோசியா அருகே குன்றில் மோதியது. 126 பேர் இறந்தார்கள். பாசலைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தச் சிறிய நிறுவனம் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. அதில் பெரும் பங்கு வைத்திருந்தவர் பீட்டர் ஸ்டேகெலின். அவருடைய தந்தை ருடால்ஃப் ஸ்டேகெலின் ஒரு வணிகர். வான்கோ, கோகன், செசான், பிக்காசோ என்று தேடித் தேடி வாங்கியவர். 1946-இல் அவர் இறந்தபின் அந்தச் சேகரிப்பு குடும்ப அறக்கட்டளை ஒன்றின் பெயரில் இருந்தது. முக்கியமான படங்களெல்லாம் பாசல் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவர்களில் இரவலாகத் தொங்கின. இருபது ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் சொத்தென்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பத்திரம் மட்டும் வேறு பெயரில் இருந்தது.

கடன் கழுத்தை நெரித்தபோது முதலில் வான்கோவின் படம் ஒன்று கைமாறியது. அடுத்து இரண்டு பிக்காசோக்களுக்கு ஆபத்து வந்தது. ஒன்று 1906-இல் வரைந்த 'இரு சகோதரர்கள்'. அண்ணன் தம்பியை முதுகில் சுமந்து நிற்கும் படம். மற்றது 1923-இல் வரைந்த 'அமர்ந்திருக்கும் ஹார்லெக்வின்'. இரண்டும் சேர்ந்து 84 லட்சம் பிராங்க். பாசல் அரசு ஒரு கணக்குப் போட்டது. கன்டோன் எனப்படும் தன் மாநிலக் கருவூலத்திலிருந்து 60 லட்சம் தரும். மீதி 24 லட்சத்தைப் பொதுமக்கள் திரட்டித் தரவேண்டும். மாநிலப் பேரவை பெரும்பான்மையோடு ஒப்புக்கொண்டது.

வேறு நாடாக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சுவிட்சர்லாந்தில் முடியாது. பேரவை ஒரு செலவுக்குக் கைதூக்கிவிட்டால், அது பிடிக்காத எந்தக் குடிமகனும் குறிப்பிட்ட நாள்களுக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கைக் கையெழுத்து வாங்கிவந்தால் போதும், முடிவு மக்கள் வாக்கெடுப்புக்குப் போய்விடும். மோட்டார் தொழிலில் இருந்த ஒருவர் அதைத்தான் செய்தார். 60 லட்சத்தில் முதியோருக்கு வீடு கட்டலாம், மருத்துவமனைக்குச் செலவிடலாம், இரண்டு துணித்துண்டுகளுக்கு ஏன் கொட்ட வேண்டும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அந்த வாதத்தை இளக்காரமாகப் பேசுவது எளிது. ஆனால் கன்டோனின் மக்கள்தொகை அன்று இரண்டேகால் லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. கைக்குழந்தை உட்படத் தலைக்கு ஏறக்குறைய இருபத்தைந்து பிராங்க். அதைக் கேள்வி கேட்பவர் பாமரர் அல்ல, வரி கட்டுபவர்.

அடுத்து நடந்ததுதான் பாசலைக் கலை வரலாற்றில் ஏற்றியது. நவம்பர் 25, சனிக்கிழமை. 'பிச்சைக்காரர் திருவிழா' என்று பெயர் வைத்து ஊரே தெருவுக்கு வந்தது. மாணவர்கள் வழிப்போக்கர்களின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக் காசு வாங்கினார்கள். நாடகக் கலைஞர்கள் தெருவில் ஆடிப் பாடினார்கள். அரசியல்வாதிகளும் பேராசிரியர்களும் உண்டியலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். 'ஐ லைக் பாப்லோ' என்று அச்சிட்ட பட்டன்கள் சட்டையெங்கும் மின்னின. அந்த ஆண்டு கோடையில் வெளிவந்து உலகமே முணுமுணுத்துக்கொண்டிருந்த பீட்டில்ஸ் பாட்டில் காதல் இருந்த இடத்தில் பாப்லோவைப் பொருத்தி இளைஞர்கள் முழக்கமாக்கினார்கள். நன்கொடையில் கேட்ட 24 லட்சமும் சேர்ந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் பெரிய தொகை கொடுத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் ஷூ பாலிஷில் 24 லட்சம் வராது. ஆனால் ஷூ பாலிஷ் இல்லாமல் ஓட்டு வந்திருக்காது.

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை வாக்குகள் எண்ணப்பட்டன. ஆம் 32,118. இல்லை 27,190. ஐயாயிரத்துக்குக் குறைவான வித்தியாசம். அந்த வாக்குப்பெட்டியில் பெண்களின் சீட்டும் இருந்தது. பாசல் நகரக் கன்டோன் தன் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது 1966-இல். சுவிட்சர்லாந்து நாடாகத் தன் பெண்களுக்குத் தந்தது 1971-இல். தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாத பாசல் பெண்கள், பிக்காசோவை வாங்கலாமா என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

செய்தி தென் பிரான்சில் முஜான் கிராமத்தில் இருந்த கிழவரை எட்டியது. பிக்காசோவுக்கு அப்போது வயது 86. ஓர் ஊர் தன் வரிப்பணத்தைத் தன் படத்துக்குத் தர ஓட்டுப் போட்டது அவரை அசைத்துவிட்டது. அருங்காட்சியக இயக்குநர் ஃபிரான்ஸ் மேயரை வீட்டுக்கு வரவழைத்து, மூன்று ஓவியங்களையும், நவீன ஓவியத்தின் திருப்புமுனை என்று சொல்லப்படும் 'அவிஞ்ஞோனின் பெண்கள்' ஓவியத்துக்காக 1907-இல் போட்ட முன்வரைவு ஒன்றையும் பாசலுக்கு இனாமாகக் கொடுத்தார். பாசலின் புகழ்பெற்ற கலைப் புரவலர் மாயா ஸாகர் தன்னிடமிருந்த பிக்காசோ ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு கேட்ட ஊருக்கு ஏழு கிடைத்தது.

இந்தக் கதையை ஐரோப்பாவில் தேவதைக் கதை போலச் சொல்லி மகிழ்வார்கள். அதில் வில்லன் பாத்திரம் அந்த மோட்டார் தொழில்காரருக்கு. உண்மையில் இந்தக் கதையின் முக்கியமான மனிதர் அவர்தான். அவர் கையெழுத்து வாங்கியிராவிட்டால் பேரவைத் தீர்மானத்தோடு பணம் போயிருக்கும், படம் வந்திருக்கும், நாளிதழில் நாலாம் பக்கத்தில் ஒரு செய்தி. பிக்காசோவுக்கும் தெரிந்திருக்காது. எதிர்ப்பு வந்ததால்தான் ஆதரிப்பவர்கள் தெருவுக்கு இறங்கினார்கள். கலையின் பெருமையை அவர்கள் மேடைபோட்டு விளக்கவில்லை. எங்களோடு வந்து ஷூ துடையுங்கள் என்றார்கள். கலைக்காக வாதாடுபவர்கள் பொதுவாகச் செய்யும் பிழை, எதிர்த் தரப்பை ரசனையற்றவர்கள் என்று ஒதுக்குவது. பாசலில் 27,190 பேர் அப்படி ஒதுக்கப்படவில்லை. அவர்களுடைய கேள்விக்கு மாதக்கணக்கில் பதில் சொல்லப்பட்டது.

ஓட்டின் பயன் என்ன என்பதை இன்னொரு நிகழ்ச்சி காட்டுகிறது. 1967-க்குப் பிறகும் ஸ்டேகெலின் சேகரிப்பின் மற்ற படங்கள் இரவலாகவே அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றில் ஒன்று 1892-இல் கோகன் தாஹிதித் தீவில் வரைந்தது. இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கும் படம். 2015-இல் குடும்பம் அந்த இரவலை முடித்துக்கொண்டது. கோகன் ஓவியம் விற்கப்பட்டது. விலை 30 கோடி டாலர் என்று முதலில் உலகமெல்லாம் செய்தி. பிறகு நீதிமன்ற வழக்கில் வெளியானது 21 கோடி. எதுவாக இருந்தாலும் பாசல் அந்தப் பக்கமே போக முடியாத தொகை. இரவல் போனது. ஓட்டுப் போட்டு வாங்கிய இரண்டும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதெல்லாம் 1967-இல் திடீரென்று முளைத்த ஞானம் அல்ல. பாசலுக்கு இதில் முந்நூறு ஆண்டுப் பழக்கம் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அந்த ஊரில் வாழ்ந்த சட்ட அறிஞர் பசிலியஸ் ஆமெர்பாக் சேர்த்த ஓவியங்கள், நூல்கள், நாணயங்கள் அடங்கிய பெருந்தொகுப்பு 1661-இல் விலைக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விடும் நிலை. நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 9,000 ரைக்ஸ்தாலர் கொடுத்து அதை வாங்கின. பத்தாண்டு கழித்து, 1671-இல், பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அரசரின் அரண்மனைக் கூடத்திலிருந்தோ படையெடுத்துக் கொண்டுவந்த கொள்ளையிலிருந்தோ பிறக்காமல், நகர மக்களின் பொதுப்பணத்தில் பிறந்த அருங்காட்சியகங்களில் இதுவே மூத்தது என்று பாசல்காரர்கள் மார்தட்டுவதில் நியாயம் உண்டு. லூவர் மக்களுக்குத் திறந்தது 1793-இல்தான்.

அந்த 9,000 தாலரில் வந்த படங்களில் ஒன்று ஹான்ஸ் ஹோல்பைனின் 'கல்லறையில் இறந்த கிறிஸ்து'. 1867-இல் ஜெனீவாவுக்குப் போகும் வழியில் தஸ்தயெவ்ஸ்கி பாசலில் இறங்கி அதைப் பார்த்தார். நிலைகுலைந்து போனார் என்று அவர் மனைவி அன்னா எழுதிவைத்திருக்கிறார். எம்.ஏ.சுசீலாவின் மொழிபெயர்ப்பில் 'அசடன்' நாவலைப் படித்த தமிழ் வாசகர்களுக்கு அந்தப் படம் தெரியாத ஒன்றல்ல. ரோகோஷின் வீட்டுச் சுவரில் அதன் நகல் தொங்குகிறது. 1661-இல் ஒரு நகர மன்றம் கருவூலத்தைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த ரஷ்யர் அதை எங்கே, எப்போது பார்த்திருப்பார், பார்த்திருப்பாரா என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் ஓட்டுக்கு விட்டுவிட முடியுமா? இதே அருங்காட்சியகம் 'முடியாது' என்பதற்கும் சாட்சி. 1939-இல் நாஜி அரசு ஜெர்மனியின் அருங்காட்சியகங்களிலிருந்து 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்திப் பிடுங்கிய ஓவியங்களை வெளிநாட்டில் விற்றது. பாசலின் புதிய இயக்குநர் கியோர்க் ஷ்மிட் தன் அரசிடம் சிறப்பு நிதியாக 50,000 பிராங்க் பெற்று 21 படைப்புகளை வாங்கினார். ஃபிரான்ஸ் மார்க், கோகோஷ்கா போன்றோர் அன்று பாசலின் பொதுரசனைக்கு எட்டாதவர்கள். அந்தப் பணம் ஹிட்லரின் கையில்தானே போய்ச் சேரும் என்ற கேள்வி வேறு. அன்று பொதுவாக்கெடுப்பு வைத்திருந்தால் தோற்றிருக்க வாய்ப்பு அதிகம். 1967-இல் மக்கள் ஓட்டுப் போட்டது உலகப் புகழின் உச்சியில் இருந்த ஒருவருக்கு. 1939-இல் வாங்கியது விரட்டப்பட்டவர்களை. முதல் வேலையை மக்கள் செய்யலாம். இரண்டாவதைச் செய்ய, விவரம் தெரிந்த ஒரு மனிதரை நியமித்து, அவருக்கு நிதியும் கொடுத்து, சற்று விலகி நிற்கும் அரசு வேண்டும். அந்த அரசைத் தேர்ந்தெடுப்பதும் ஓட்டுதான் என்பதால் வட்டம் மறுபடி வாக்காளரிடமே வந்து சேர்கிறது.

பாசல் எப்போதும் ஆம் என்று சொல்லிவிடும் ஊரும் அல்ல. நகரத்தின் இசையரங்க வளாகத்துக்கு ஸாஹா ஹதீத் வரைந்த புதிய கட்டட வடிவத்தை 2007 ஜூனில் வாக்காளர்கள் தூக்கியெறிந்தார்கள். உலகம் கொண்டாடிய கட்டடக் கலைஞர் என்பதெல்லாம் எடுபடவில்லை. பழைய அரங்கை உள்ளூர்க் கட்டடக் கலைஞர்களான ஹெர்சோக், டி மோய்ரோன் இருவரும் விரிவாக்கி, 2020-இல் திறந்தார்கள். அதன் ஒலியமைப்பைப் புகழாதவர் இல்லை. 2011-இல் இன்னொரு தோல்வி. பாசல் நாடக அரங்குக்கு வரும் பார்வையாளர்களில் பெரும் பங்கினர் பக்கத்துக் கன்டோனான பாசல் லாண்ட்ஷாஃப்டிலிருந்து வருபவர்கள். அந்தக் கன்டோன் தன் மானியத்தைக் கூட்டித் தரவேண்டும் என்ற முன்மொழிவை அதன் வாக்காளர்கள் குறைந்த வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். நாடகம் நகரத்தில், பணம் எங்களுடையதா என்ற பழைய பங்காளிச் சண்டை.

சுவிட்சர்லாந்து நாடு முழுவதுமாகக் கலாச்சாரத்தைப் பற்றி வாக்களித்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2012 செப்டம்பர் 23 அன்று, பிள்ளைகளுக்கு இசைக்கல்வியை ஊக்குவிப்பது அரசின் கடமை என்று அரசியல் சட்டத்திலேயே எழுத 72.7 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். 2022 மே 15 அன்று இன்னொரு வாக்கெடுப்பு. சுவிஸ் சந்தாதாரர்களிடம் சம்பாதிக்கும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அந்த வருவாயில் 4 விழுக்காட்டை உள்நாட்டுத் திரைப்படத்தில் போடவேண்டும் என்ற சட்டம் 58.4 விழுக்காட்டு ஆதரவோடு பிழைத்தது.

இவற்றைவிடச் சூடாக நடந்தது 2018 மார்ச் 4 வாக்கெடுப்பு. வானொலி, தொலைக்காட்சிக்காக ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு 451 பிராங்க் கட்டிவந்தது. அதை அடியோடு ஒழிக்கவேண்டும் என்று ஒரு முன்மொழிவு. பார்க்காத சேனலுக்கு நான் ஏன் பணம் கட்டவேண்டும் என்ற கேள்விக்குத் தெருவில் கைதட்டல் கிடைப்பது இயல்பு. இசைக்கலைஞர்களும் திரைப்படக்காரர்களும் எழுத்தாளர்களும் களத்தில் இறங்கினார்கள். கலைஞர்களின் பிழைப்பைப் பற்றி மட்டும் அவர்கள் பேசியிருந்தால் தோற்றிருப்பார்கள். அந்த நாட்டில் நான்கு தேசிய மொழிகள். அவற்றில் ரொமான்ஷ் மொழியை மலைப்பள்ளத்தாக்குகளில் பேசுபவர்கள் சுமார் அறுபதாயிரம் பேர்தான். விளம்பர வருமானத்தை நம்பி அந்த மொழியில் எந்தத் தனியார் நிறுவனமும் செய்தி வாசிக்காது. பெரும்பான்மை ஜெர்மன் பேசும் வீடுகளின் கட்டணம்தான் அந்தச் சிறிய மொழியின் ஒலிபெருக்கி. இந்த உண்மை வாக்காளர்களிடம் போய்ச் சேர்ந்தது. 71.6 விழுக்காட்டினர் கட்டணம் இருக்கட்டும் என்றார்கள். அதே நேரத்தில் அரசும் எதிர்ப்பைக் காதில் போட்டுக்கொண்டு, அடுத்த ஆண்டு கட்டணத்தை 365 பிராங்காகக் குறைத்தது. வென்றவர்கள் விட்டுக்கொடுத்ததால்தான் அந்த வெற்றி நின்றது.

பாசல் பணக்கார ஊர். அதன் ரசாயன, மருந்துத் தொழில் உலகப் பெயர் பெற்றது. வசதி இருக்கும்போது கலைக்கு ஓட்டுப் போடுவது பெரிய காரியமா என்று அவையில் யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அட்லாண்டிக்குக்கு அப்பால், டெட்ராய்ட்டில் இருக்கிறது.

டெட்ராய்ட் கலை அருங்காட்சியகம் செல்வச் செழிப்பான மோட்டார் காலத்தில் வளர்ந்தது. புரூகலின் 'கல்யாண நடனம்' அங்கே இருக்கிறது. ஃபோர்டு தொழிற்சாலைத் தொழிலாளர்களைத் தியேகோ ரிவேரா 1932-33-இல் வரைந்த சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. ஊர் நொடித்தபோது அருங்காட்சியகமும் நொடித்தது. 2012 ஆகஸ்ட் 7 அன்று அது மூன்று மாவட்ட வாக்காளர்களிடம் போய்ச் சொத்து வரியில் சிறு கூடுதல் கேட்டது. ஒன்றரை லட்சம் டாலர் பெறுமான வீட்டுக்கு ஆண்டுக்கு 15 டாலர், பத்தாண்டுகளுக்கு. பதிலுக்கு மூன்று மாவட்ட மக்களுக்கும் இலவச நுழைவு. மூன்று மாவட்டங்களும் ஒப்புக்கொண்டன. மகோம்ப் மாவட்டத்தில் மயிரிழையில்.

ஓராண்டுக்குள் இடி விழுந்தது. 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகரமே திவால் மனு கொடுத்தது. கடன்காரர்களின் பார்வை சுவர்களின் மேல் விழுந்தது. நகரத்தின் பணத்தில் வாங்கிய ஓவியங்களை மட்டும் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் மதிப்பிட்டு, 45 கோடி முதல் 87 கோடி டாலர் வரை என்றது. ஓய்வுபெற்ற துப்புரவுத் தொழிலாளியின் பென்ஷனா, புரூகலா என்று கேட்டால் புரூகலுக்கு வாதாட மனசாட்சி உள்ள யாருக்கும் நா எழாது. பாசலில் எழுந்த கேள்வி இங்கே வயிற்றைத் தொட்டது. அப்போது ஓக்லாந்து மாவட்டம் குரல் கொடுத்தது: ஒரு படம் விற்கப்பட்டாலும் எங்கள் மக்கள் ஓட்டுப் போட்டுத் தரும் வரி நின்றுவிடும் என்று. ஓட்டு வெறும் நிதியாக இல்லாமல் கேடயமாக மாறிய இடம் இது.

முடிவில் தனியார் அறக்கட்டளைகளும் மிச்சிகன் மாநில அரசும் அருங்காட்சியகமும் சேர்ந்து 81.6 கோடி டாலர் வரை திரட்டுவதாக ஏற்றுக்கொண்டன. அது பென்ஷன் நிதிக்குப் போகும். படங்களின் உரிமை நகரத்திடமிருந்து அருங்காட்சியகத்தை நடத்தும் லாபநோக்கற்ற அமைப்புக்கு மாறும். ஓய்வூதியர்களும் இந்தத் திட்டத்துக்கு வாக்களித்தார்கள். பொதுப் பிரிவு ஓய்வூதியர்கள் தங்கள் மாதத் தொகையில் 4.5 விழுக்காடு வெட்டை ஏற்று ஆம் என்றார்கள். இல்லாவிட்டால் வெட்டு இன்னும் ஆழமாக விழும் என்று தெரிந்துதான் ஏற்றார்கள். அதைக் கலைப்பற்று என்று மெழுக வேண்டியதில்லை. 2014 நவம்பரில் நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். ஒரு படமும் விற்கப்படவில்லை. 2020 மார்ச்சில் அதே வரியை நீட்டிக்கும்படி மறுபடி கேட்டபோது மூன்று மாவட்டங்களும் மறுபடி தந்தன.

இந்தியாவில் ஒரு செலவுக்கு மட்டும் தனியாக ஓட்டுப் போடும் வசதி கிடையாது. ஆனால் கலாச்சாரத்துக்கென்று தனி வரி இங்கே புதிதல்ல. எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியில் உருவாகி 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. இன்று தமிழ்நாட்டில் அது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. வீடு வைத்திருப்பவர் எல்லோரும் டெட்ராய்ட்காரர்கள் போலக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பாசல்காரர்கள் போலக் கேட்பதில்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊராட்சியின் ஒவ்வொரு வாக்காளரும் அதன் உறுப்பினர். நகரங்களில் பகுதி சபை வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு போய், இந்தப் பத்துக் காசில் நம் ஊர் நூலகத்துக்கு இந்த ஆண்டு எத்தனை புத்தகம் வந்தது என்று எழுந்து கேளுங்கள். ஊர்க் கூத்துக் களரிக்கு ஒரு மேடையும் விளக்கும் வேண்டுமென்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். குடிநீர்க் குழாய் முதலில் வரட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் எதிர்த்தால் அவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள்.